ஃபைஃபர் குடும்பத்தின் ஜெர்மன் வேர்: பெயர் எங்கே தொலைந்தது?

கும்பகோணத்தான் | திங்கள், காலை 10.20

அனைவருக்கும் வணக்கம். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று விஸ்கான்சினுக்கு வந்திருக்கிறேன். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. வாசலில் ஒரு கோலம் போட வழியில்லை என்று வீட்டுக்காரி புலம்புகிறாள். சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம் பேரன் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டான். பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்களாம்.

என் பக்கம் கொள்ளுத்தாத்தா வரைக்கும் பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்கு மேல் எனக்கே தெரியாது. மருமகள் அமெரிக்கப் பெண். அவளுடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மாள், ஃபைஃபர் என்ற குடும்பத்தில் பிறந்தவர். "நாங்கள் ஜெர்மன்காரர்கள். எல்லிஸ் தீவில் இறங்கியபோது அங்கிருந்த அதிகாரி எங்கள் பெயரை வெட்டிச் சுருக்கிவிட்டார்" என்பது அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

கையில் இருப்பவை இவை: ஹென்றி ஃபைஃபரின் கல்லறைக் கல், அதில் பிறப்பு 1824, பவேரியா, இறப்பு 1891 என்று இருக்கிறது. 1860, 1870, 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேடுகள். மூன்றிலும் பிறந்த இடம் பவேரியா. 1853இல் கப்பலில் வந்தார் என்று குடும்ப பைபிளில் ஒரு வரி. மியூனிக், நியூரம்பர்க், அவுக்ஸ்பர்க் என்று பவேரியா முழுக்க இணையத்தில் துழாவிவிட்டேன். ஃபைஃபர் என்று ஓர் ஆள்கூட அகப்படவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது. பேரன் மதிப்பெண் வாங்கி முடித்துவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மில்வாக்கி மணி | திங்கள், பிற்பகல் 1.05

ஐயா, முதலில் அந்த எல்லிஸ் தீவைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் இருந்த அந்தக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892இல். உங்கள் ஹென்றி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அதற்கு முன்பு நியூயார்க்கில் குடியேறிகளை இறக்கிய கேஸில் கார்டன்கூட 1855இல்தான் தொடங்கியது. அவர் 1853இல் வந்தவர் என்றால் ஏதோ ஒரு கப்பல்துறையில் இறங்கி நேராக நடந்து போயிருப்பார்.

தேதி பொருந்தினாலும் அந்தக் கதை பொருந்தாது. எல்லிஸ் தீவு எழுத்தர்கள் யாருக்கும் புதுப் பெயர் சூட்டவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியது அதற்குப் பிறகு. கடைக்காரர் கணக்கில் ஒரு விதமாக எழுதினார், பள்ளி ஆசிரியர் இன்னொரு விதமாக, கணக்கெடுப்புக்கு வந்தவர் தன் காதில் விழுந்தபடி. பத்து ஆண்டு கழித்து அந்த மனிதரே "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று அதையே கையெழுத்தாகப் போட்டார்.

பெரிய மனிதர்களுக்கும் இதுதான் நடந்தது. குடியரசுத் தலைவர் ஹூவரின் முன்னோர் ஹூபர். தளபதி பெர்ஷிங்கின் முன்னோர் ப்ஃபெர்ஷின். பியானோ செய்த ஸ்டைன்வெக் குடும்பம் 1850இல் நியூயார்க்குக்கு வந்து ஸ்டைன்வே ஆனது; 'ஸ்டைன்' ஜெர்மனாகவே நிற்க, 'வெக்' மட்டும் ஆங்கிலத்தில் வழி என்று மாறிவிட்டது. பாதிப் பெயரை மொழிபெயர்த்தவர்கள் அவர்கள். முழுதாக மொழிபெயர்த்தவர்களும் உண்டு. ட்ஸிம்மர்மன் என்றால் தச்சர். அவர் கார்ப்பென்டர் ஆனார். ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார். ஷ்னைடர் சிலர் ஸ்னைடர் ஆனார்கள், சிலர் டெய்லர். அண்ணன் ஒன்று, தம்பி மற்றொன்று என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு.

இன்னொன்று. ஜெர்மனிக்குப் போகும் முன்பு அமெரிக்காவில் கிடைக்கும் தாள்களை எல்லாம் ஒன்றுவிடாமல் பாருங்கள். ஊர்ப் பெயர் தெரியாமல் ஜெர்மன் ஆவணங்களில் இறங்குவது கிணற்றில் ஊசி தேடுவது.

நெக்கர்க்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், முப்பது வருடங்களுக்கு மேலாக ஹைடல்பெர்க்கில் இருக்கிறேன். பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். அது இப்போது நோயாகவே பிடித்துக்கொண்டது.

நீங்கள் தவறான பவேரியாவில் தேடியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1816இல் ரைன் நதியின் மேற்குக் கரையில் இருந்த ஃபால்ட்ஸ் நிலப்பகுதி பவேரிய அரசரின் கைக்கு வந்தது. மியூனிக்கோடு நிலத்தால் ஒட்டாத, தனியே கிடந்த பகுதி அது. அங்கிருந்து புறப்பட்டவரிடம் அமெரிக்கக் கணக்கெடுப்பாளர் "எந்த நாடு?" என்று கேட்டால் அவர் "பவேரியா" என்றுதான் சொல்லியிருப்பார். அது பொய்யில்லை. ஆனால் அவர் ஆயுளில் ஒருமுறைகூட மியூனிக்கைப் பார்த்திருக்கமாட்டார். அந்தக் காலத்தில் ஃபால்ட்ஸிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஏராளம். ஹைன்ஸ் தக்காளி சாஸ் குடும்பமும் டிரம்ப் குடும்பமும் கால்ஷ்டாட் என்ற ஒரே திராட்சைத் தோட்டத்துச் சிற்றூரிலிருந்து போனவை.

இனிப் பெயர். ஃபைஃபர் என்று ஜெர்மனியில் தேடினால் கிடைக்காது. இங்கே அது ப்ஃபைஃபர். குழல் ஊதுபவர் என்று பொருள். முதலில் 'ப்', உடனே 'ஃப்' என்று உதட்டை மூடித் திறக்க வேண்டும். ஆங்கிலக் காதுக்கு அந்த 'ப்' விழாது, ஆகவே ஃபைஃபர். ஆனால் ஃபால்ட்ஸ் ஊர்ப்பேச்சில் நேர்மாறாக நடக்கும்: அங்கே 'ஃப்' விழுந்துவிடும். ப்ஃபெஃபர் என்ற மிளகு பெஃபர் ஆகும், ப்ஃபுண்ட் என்ற எடை புண்ட் ஆகும். அந்த மண்ணின் ஆள் தன் வாயால் தன் பெயரைப் பைஃபர் என்றுதான் சொல்லியிருப்பார். மணி சொன்ன பெர்ஷிங்கைப் பாருங்கள், அங்கேயும் 'ப்ஃ' வெறும் 'ப்' ஆகியிருக்கிறது.

ஆகவே ப்ஃபைஃபர், பைஃபர், ஃபைஃபர் என்று மூன்றையும் தேடுங்கள். நடுவில் ஓர் எஃப், இரண்டு எஃப், 'ஐ'க்குப் பதில் 'ஒய்' என்று எல்லா எழுத்துக் கூட்டலும் வரும். 1870களில் சிவில் பதிவு அலுவலகங்கள் வரும் வரை இங்கே யாரும் குடும்பப் பெயரின் எழுத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. மையர் என்ற ஒரு பெயரை நான் ஐந்து விதமாகப் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று ஒரே பாதிரியாரின் கை.

கும்பகோணத்தான் | செவ்வாய், காலை 8.15

அம்மா, தேடினேன். கடலைத் திறந்துவிட்டீர்கள். முன்பு ஒருவர்கூட இல்லை. இப்போது ஆயிரக்கணக்கில் ஹைன்ரிஷ் ப்ஃபைஃபர்கள் (ஹென்றிக்கு ஜெர்மனில் ஹைன்ரிஷ்தானே) வரிசையில் நிற்கிறார்கள்.

எழுத்து மாறுவதில் எனக்கு ஒன்றும் வியப்பில்லை. என் பெயரே ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம், காஸ் இணைப்பில் மூன்றாவது விதம்.

வெட்டிக்கிளி | செவ்வாய், காலை 11.30

எதற்கு இவ்வளவு பாடு? சம்பந்தியம்மாளை ஒரு மரபணுச் சோதனைக் குழாயில் உமிழச் சொல்லுங்கள், எல்லாம் வந்துவிடும். அதோடு இணையத்தில் ப்ஃபைஃபர் குடும்ப மரம் ஒன்று தயாராகவே இருக்கிறது. 1480 வரை போகிறது, ஒரு பிரபுவில் முடிகிறது. குடும்பச் சின்னமும் இருக்கிறது. கேடயம், சிங்கம், குழல். சட்டம் போட்டு வீட்டுக்கே அனுப்புகிறார்கள்.

நெக்கர்க்கரை | செவ்வாய், மாலை 6.50

வெட்டிக்கிளி, பெயரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஒரே தாவலில் நானூறு வருடம்.

ப்ஃபைஃபர் என்பது தொழிற்பெயர். திருமணத்தில், திருவிழாவில், படையில் குழல் ஊதியவர் இருந்த ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு ப்ஃபைஃபர் முளைத்திருப்பார். அவர்களுக்குள் உறவு ஏதும் இருக்க வேண்டியதில்லை. ஒரு ப்ஃபைஃபருக்கு யாரோ சின்னம் கொடுத்திருந்தால் அது அவருடைய வம்சத்துக்கு மட்டும். அதை எல்லா ப்ஃபைஃபர்களுக்கும் விற்பது வியாபாரம். சுவரில் மாட்ட அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

1480 விஷயம்: பெரும்பாலான ஊர்களில் தேவாலயப் பதிவேடுகள் பதினாறாம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. அவற்றிலும் நிறைய முப்பதாண்டுப் போரில், 1618 முதல் 1648க்குள், எரிந்துபோயின. ஒரு விவசாயக் குடும்பத்தின் மரம் 1480 வரை போனால் அதில் யாரோ ஏணி சாத்தியிருக்கிறார்கள். மரபணுச் சோதனை உறவினர் யார் என்று காட்டும். எந்தச் சிற்றூர் என்று சொல்லாது. ஐயாவுக்கு வேண்டியது ஊர்.

மில்வாக்கி மணி | செவ்வாய், இரவு 8.20

ஐயா ஏன் மூன்று வாரம் வெறுங்கையோடு நின்றார் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க ஆவணங்களின் பழைய அட்டவணைகள் பலவும் சவுண்டெக்ஸ் என்ற முறையில் அமைந்தவை. ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் காப்புரிமை வாங்கிய முறை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதி மெய்யெழுத்துகளை ஒலிக்கேற்ப எண்களாக்குவார்கள். ஸ்மித்தும் ஷ்மிட்டும் எஸ்-530 என்ற ஒரே பெட்டியில் விழும். முல்லரும் மில்லரும் எம்-460. அதுவரை நல்லது.

கோளாறு முதல் எழுத்தில். ஃபைஃபர் எஃப்-160. ப்ஃபைஃபர் பி-160. இரண்டும் வேறு வேறு பெட்டி. கோக் என்ற சமையல்காரர் 'கே'யில், குக் ஆன பிறகு 'சி'யில். யுங் 'ஜே'யில், யங் 'ஒய்'யில். தேடுபவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஆளே இல்லை என்று எழுந்து போய்விடுவார். ஜெர்மானியர்கள் இதைப் பார்த்து 1969இல் தங்களுக்கென்று கொலோன் ஒலிப்பு முறை என்ற ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதில் முதல் எழுத்தும் எண்ணாகிவிடும். கோக், குக் இரண்டும் 44.

கணக்குப் போடும்போது ஒன்று கண்ணில் பட்டது. பைப்பர் என்ற ஆங்கிலப் பெயரும் பி-160தான். பைப்பர் என்றாலும் குழலூதிதான். உங்கள் பக்கத்தில் பைப்பர் யாராவது இருக்கிறார்களா?

கும்பகோணத்தான் | புதன், அதிகாலை 5.10

மணி தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு படுக்கப் போகவில்லை.

ஹென்றியின் குடியுரிமை மனு மாவட்ட நீதிமன்றத்தில் இருந்தது. மகன் நகல் எடுத்து வந்து ஒரு வாரமாக மேசையில் கிடந்தது. பவேரிய அரசருக்கு இனி விசுவாசமில்லை என்று எழுதியிருக்கிறது. ஊர் பெயர் இல்லாததால் உதவாத தாள் என்று ஒதுக்கியிருந்தேன். கீழே இரண்டு சாட்சிகள். ஒருவர் பெயர் ஜேக்கப் பைப்பர்.

1860 கணக்கேட்டை எடுத்தேன். ஃபைஃபர் வீட்டுக்கு மூன்றாவது வீடு ஜேக்கப் பைப்பர், வயது 33, பவேரியா. சம்பந்தியம்மாளை எழுப்பிக் கேட்டேன் (இங்கே நள்ளிரவு, மருமகள் என்னை முறைத்தாள்). "பைப்பர் வீட்டாரா? பக்கத்துப் பண்ணை. நல்ல மனிதர்கள். எங்களுக்கு உறவு ஒன்றும் கிடையாது" என்கிறார். கல்லறைத் தோட்டத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் கிடக்கிறார்கள்.

மில்வாக்கி மணி | புதன், காலை 9.00

சாட்சிக் கையெழுத்தை யாரும் வழிப்போக்கனிடம் வாங்கமாட்டார்கள். பெயர் ஏமாற்றும்போது சுற்றி நிற்பவர்களைப் பிடியுங்கள்: சாட்சி, ஞானத்தந்தை, பக்கத்து நிலம் வாங்கியவர், அதே கப்பலில் வந்தவர். ஒரு சிற்றூரிலிருந்து கும்பலாகக் கிளம்பி கும்பலாகவே இங்கே நிலம் வாங்கினார்கள்.

கப்பல் பட்டியலில் நேரம் போக்காதீர்கள். ஹாம்பர்க் பட்டியல்களில் ஊர் பெயர் இருக்கும், 1850 முதல் கிடைக்கின்றன. ஆனால் ஃபால்ட்ஸ்காரர்கள் பெரும்பாலும் பிரான்சு வழியாக லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஏறினார்கள். நியூயார்க் பக்கத்துப் பட்டியலில் அனேகமாக நாடு மட்டும்தான் இருக்கும்.

அவர் கல்யாணம் எங்கே நடந்தது? ஜெர்மன் லூத்தரன் சபை என்றால் பாதிரியாரும் ஜெர்மன்காரர். அவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எழுதத் தெரிந்தவர், ஊர் பெயரையும் எழுதுவார். அந்தச் சபையின் பழைய பதிவேட்டைக் கேளுங்கள்.

மூன்ஸ்டர் மருத்துவர் | புதன், பிற்பகல் 3.45

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கூத்தைக் கேட்டால் உங்கள் ஃபைஃபர் எளிது என்பீர்கள். இங்கே பெயர் பண்ணையோடு ஒட்டியது. ஒரு பண்ணையின் வாரிசுப் பெண்ணை மணந்து அங்கே குடியேறும் மாப்பிள்ளை தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணைப் பெயரை எடுத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கும் அதுவே. பதிவேட்டில் 'இன்னார், கெனான்ட் இன்னார்' என்று வரும். 'கெனான்ட்' என்றால் 'எனப்படும்'. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவரை அப்பா பெயரில் தேடிக்கொண்டே இருந்தால் முடி நரைத்துவிடும். என்னிடம் வரும் நோயாளி ஒருவர் அப்படித்தான் பதினொரு வருடம் தேடினார்.

கடலோரக்காரன் | புதன், மாலை 5.30

என் தோழி வீட்டில் பீட்டர்சன் என்று பெயர், வடக்கே ஷ்லெஸ்விக். 1750க்கு முன்னால் எல்லாம் குழம்புகிறது.

நெக்கர்க்கரை | புதன், மாலை 7.10

கடலோரக்காரன், அங்கே அப்போது குடும்பப் பெயரே கிடையாது, நம் முதலெழுத்து முறை போலத்தான். பீட்டரின் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் பீட்டர்சன்; அவன் மகன் ஹான்சன். 1771இல் டென்மார்க் அரசர் ஆணையிட்டு நிறுத்தினார், ஆனாலும் மக்கள் உடனே கேட்கவில்லை. ஃப்ரீஸ்லாந்தின் கிழக்குப் பகுதியில் நெப்போலியன் ஆட்சியில் 1811இல்தான் நிலையான பெயர் வந்தது. அங்கே பெயரைப் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், ஊரையும் வீட்டையும் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

கும்பகோணத்தான் | சனி, காலை 11.50

கிடைத்துவிட்டது! 1856ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு. சபைக் காப்பாளர் மகராசன், பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். படம் எடுத்து இணைத்திருக்கிறேன். ஆனால் இது எழுத்தா, எறும்பு ஊர்ந்த தடமா?

எனக்குப் புரிந்தவரை: ஹைன்ரிஷ் 'ப்ஃப்னிஃப்னர்'. வைல் என்ற ஊரைச் சேர்ந்த யோகான் ஆதாமின் மகன். பிறப்பு 1824, எட்டாம் மாதம் 14, அதாவது ஆகஸ்ட். வைல் ஊரைத் தேடிப் பார்த்தேன்: வைல் டெர் ஷ்டாட், 1571இல் வானியலறிஞர் கெப்ளர் பிறந்த ஊர்! சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

நெக்கர்க்கரை | சனி, மாலை 4.25

ஐயா, சம்பந்தியம்மாளிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் எழுத்து. இதன் பெயர் குரென்ட். இதில் 'ஈ' எழுத்து அச்சாக 'என்' போலவே இருக்கும். நீங்கள் வாசித்த ப்ஃப்னிஃப்னரில் அந்த இரண்டு 'என்'னையும் 'ஈ' ஆக்குங்கள்: ப்ஃபைஃபர். 'யு'வுக்கும் 'என்'னுக்கும் வேறுபாடு காட்ட 'யு'வின் மேலே ஒரு சிறு வளைவு போடுவார்கள். உம்லவுட் என்ற இரட்டைப் புள்ளிகளோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1941இல் இந்த எழுத்தைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் இன்றைய ஜெர்மன் பிள்ளைகளுக்கும் தங்கள் கொள்ளுப்பாட்டியின் கடிதத்தை வாசிக்கத் தெரியாது.

இரண்டாவது, வைல் ஊர் இல்லை. புள்ளியைப் பாருங்கள், அது சுருக்கம்: வைலன்ட். 'காலஞ்சென்ற' என்று பொருள். காலஞ்சென்ற யோகான் ஆதாம் ப்ஃபைஃபரின் மகன். கெப்ளருக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. வருந்துகிறேன்.

மூன்றாவது, '8பெர்' ஆகஸ்ட் இல்லை, அக்டோபர். லத்தீனில் செப்டம் ஏழு, ஆக்டோ எட்டு, நோவம் ஒன்பது, தெசெம் பத்து. பழைய பாதிரியார்கள் செப்டம்பரை 7பெர், அக்டோபரை 8பெர் என்று சுருக்கினார்கள். டிசம்பருக்கு ரோம எண் பத்து. இந்த ஒரு குழியில் எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள்; நானும்தான்.

ஊர் பெயர் கடைசி வரியில் தெளிவாக இருக்கிறது, அடுத்து 'ரைன்ஃபால்ட்ஸில்' என்ற சொல். ஊரை இங்கே எழுதவில்லை, தனிமடலில் அனுப்புகிறேன். ட்ஸ்வைப்ரூக்கன் பக்கம். கீழே சாட்சியைப் பார்த்தீர்களா? "யாகோப் ப்ஃபைஃபர், மணமகனின் சகோதரர்."

தரங்கை வாசகன் | சனி, இரவு 9.15

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். இதன் மறுபக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ட்ஸீகன்பால்க் சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்தவர். நம்மவர்கள் அவரைச் சீகன்பால்கு ஐயர் ஆக்கிவிட்டார்கள். யாரும் அதிகாரி மாற்றியதாகக் கதை கட்டவில்லை. நம் நாக்குக்கு அப்படித்தான் வந்தது, அப்படியே கல்லில் வெட்டினோம்.

நெக்கர்க்கரை | ஞாயிறு, காலை 10.00

அழகாகச் சொன்னீர்கள்.

ஐயா, இனி ஜெர்மன் பக்கம். ஊர் பெயர் கிடைத்ததும் 1912இல் வெளிவந்த மையர்ஸ் ஊர் அகராதியில் பாருங்கள், இணையத்தில் இலவசம். பழைய பேரரசின் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் எந்தத் தேவாலயம், எந்தப் பதிவு அலுவலகம் என்று சொல்லும். ஒரே பெயரில் பத்து ஊர் இருக்கும், ரைன்ஃபால்ட்ஸில் இருப்பதை எடுங்கள்.

தேவாலயப் பதிவேடுகள்: புராட்டஸ்டன்ட் என்றால் ஆர்கியோன் தளம், சந்தா கட்ட வேண்டும். கத்தோலிக்கர் என்றால் மத்ரிகுலாவில் பல மறைமாவட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபால்ட்ஸில் லூத்தரன்களும் சீர்திருத்தச் சபையினரும் 1818இல் ஒன்றானார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு இரண்டு சபைப் புத்தகங்களையும் பாருங்கள். அவற்றில் பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' ஒட்டியிருக்கும். முல்லரின் என்று கண்டால் முல்லர் வீட்டுப் பெண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீன் மோகம் பிடித்த பாதிரியார் முல்லரை மோலிட்டர் என்றும் ஷ்மிட்டை ஃபாபெர் என்றும் எழுதியிருப்பார், அதுவும் உண்டு.

உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். ஜெர்மனி முழுமைக்கும் சிவில் பதிவு 1876இல் வந்தது. ஆனால் ரைனின் மேற்குக் கரை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் கையில் இருந்ததால் அங்கே 1798லேயே வந்துவிட்டது. முதல் சில ஆண்டுகள் பிரெஞ்சு மொழியில், பிரெஞ்சுப் புரட்சியின் குடியரசு நாட்காட்டியில். யோகானைத் தேடினால் ழான் இருப்பார், பயப்படாதீர்கள். பிறப்புப் பதிவில் அப்பாவே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கும்பகோணத்தான் | வியாழன், இரவு 7.30

யோகான் ஹைன்ரிஷ், யோகான் ஆதாமின் மகன், அந்த ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறார். ஆனால் 1821, ஆகஸ்ட்! எனவே நான் முதலில் சொன்ன ஆகஸ்ட் சரி, வயதைத்தான் மூன்று வருடம் குறைத்துச் சொல்லியிருக்கிறார். மணமகன் இல்லையா? அந்தக் கால ஆண்கள் எல்லா நாட்டிலும் அப்படித்தான்.

இன்னொரு குழப்பம். இந்த யோகான் ஆதாமுக்கு நான்கு மகன்கள். நான்கு பேரும் யோகான்!

நெக்கர்க்கரை | வியாழன், இரவு 10.45

அவசரப்படாதீர்கள் ஐயா. முன்னால் வரும் யோகான் கிட்டத்தட்ட 'ஸ்ரீ' மாதிரி, எல்லோருக்கும் போடுவார்கள். கூப்பிடும் பெயர் இரண்டாவது. யோகான் ஹைன்ரிஷ் என்றால் ஹைன்ரிஷ், யோகான் யாகோப் என்றால் யாகோப். அந்தப் பெயரும் பெரும்பாலும் ஞானத்தந்தையின் பெயர்.

இப்போது அடக்கப் பதிவேட்டைத் திறங்கள். 1821க்கும் 1824க்கும் இடையில் ஹைன்ரிஷ் என்று ஒரு குழந்தை இருக்கிறதா பாருங்கள். குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் மகனுக்கு அதே பெயரை வைப்பது அங்கே வழக்கம்.

கும்பகோணத்தான் | வெள்ளி, காலை 6.40

இருக்கிறது. 1822 பிப்ரவரி. ஆறு மாதக் குழந்தை. நேற்றுவரை அதைத்தான் என் பேரனின் மூதாதை என்று எழுதி வைத்திருந்தேன்.

1824 அக்டோபர் 17இல் இன்னொரு யோகான் ஹைன்ரிஷ் ஞானஸ்நானம். பிறப்பு 14. எல்லாம் பொருந்துகிறது. யாகோப் 1827. மரத்தில் அந்தக் குழந்தைக்கும் ஒரு கிளை போட்டிருக்கிறேன். வீட்டுக்காரிதான் போடச் சொன்னாள்.

கும்பகோணத்தான் | மூன்று வாரம் கழித்து, செவ்வாய், காலை 9.20

அங்குள்ள ஆவணக் காப்பகத்துக்கு நெக்கர்க்கரை அம்மா எழுதிக் கொடுத்த ஜெர்மன் கடிதத்தை அனுப்பியிருந்தேன். 1824 பிறப்புப் பதிவின் நகல் வந்துவிட்டது. மேயரின் எழுத்தர் மேலே வடிவான கையில் ப்ஃபைஃபர் என்று எழுதியிருக்கிறார், நடுவில் இரண்டு எஃப். கீழே அப்பா யோகான் ஆதாம் தள்ளாடும் கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: பைஃபர், ஒரே எஃப். ஒரே தாளில், ஒரே நாளில், இரண்டு பெயர். எழுத்தர் அதைத் திருத்தவும் இல்லை, அவர் எழுத்தரைத் திருத்தவும் இல்லை.

சரியான எழுத்து எது என்று சம்பந்தியம்மாள் கேட்கிறார். நான் என் ஓய்வூதியப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன்.

பெயருக்குப் பக்கத்தில் தொழில் என்று ஒரு சொல் இருக்கிறது. லை... வே... என்று வாசிக்கிறேன்.

நெக்கர்க்கரை | செவ்வாய், மாலை 5.05

லைனவேபர். ஆளிச்செடி நார்நூலால் லினன் துணி நெய்பவர். குழல் யார் ஊதினார்களோ, இவர் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கும்பகோணத்தான் | ஞாயிறு, இரவு 8.30

இன்று பைப்பர் வீட்டுக்குப் போனோம். இருபது நிமிடக் கார்ப் பயணம். 80 வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். சம்பந்தியம்மாளும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாம், ஒருவரை ஒருவர் சித்தி மகள், பெரியப்பா மகள் என்று எதுவும் அறியாமல் அறுபது வருடம் கடைத்தெருவில் தலையசைத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு நகல்களையும் மேசையில் அருகருகே வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார்.

உள்ளே பதினான்கு கடிதங்கள். ஊரிலிருந்து யாகோபுக்கு வந்தவை. எல்லாம் அந்த எறும்புத் தட எழுத்து. முதல் பக்கத்தை நாளை பதிவேற்றுகிறேன். நெக்கர்க்கரை அம்மா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.